சேர்வராயனா... ஷெவராயா? ஒரு மலையின் பெயர் தேய்ந்த கதை!

ஏற்காடு போகிறவர்கள் பலரும் படகு சவாரியையும் லேடீஸ் சீட்டையும் முடித்துக்கொண்டு, கடைசியாகத்தான் சேர்வராயன் கோயில் பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,300 அடி உயரத்தில் ஒரு குகைதான் கோயில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அங்கே இருப்பவர்கள் சேர்வராயனும் காவேரி அம்மனும். இந்த மலைக்கும் அந்தச் சாமிக்கும் ஒரே பெயர்.

ஆனால், ஆங்கிலத்தில் மலையின் பெயரைத் தேடிப் பாருங்கள். எஸ், எச், இ, வி, ஏ, ஆர், ஓ, ஒய் என்று வரும். 'ஷெவராய்' ஹில்ஸ்! 'சே' என்பது 'ஷெ' ஆகி, நடுவில் இருந்த 'ர்' காணாமல் போய், கடைசி 'ன்'னும் உதிர்ந்துவிட்டது. 1820-களில் சேலம் கலெக்டர் டேவிட் காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். காபி தோட்டங்களோடு ஆங்கிலேயர் நாக்குக்கு வசதியான பெயரும் நிலைத்துவிட்டது. அதைவிட வேடிக்கை, இப்போது நம்மவர்களே அதைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்து 'ஷெவராய் மலை' என்று எழுதுவதுதான். சாமி பெயர் போயே போச்சு!

'சரியாக மாற்றி எழுதிவிட்டால் போகிறது' என்று தோன்றும். தமிழக அரசும் முயன்று பார்த்தது. தமிழ் உச்சரிப்புப்படியே ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று 1,018 ஊர்ப் பெயர்களை மாற்றும் அரசாணை 2020 ஜூனில் வெளியானது. கோயம்புத்தூரில் 'த்தூ'வைக் காட்ட, டி-எச், டி-எச் என்று இரண்டு முறை போட்டிருந்தார்கள். 'இதை யார் எழுதுவது, எப்படிப் படிப்பது?' என்று கேலியும் விமர்சனமும் கிளம்ப, சில நாள்களிலேயே ஆணை வாபஸ் ஆனது. மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆனபோது இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பெயரே மாறியது. எழுத்துக்கூட்டலை மட்டும் மாற்றுவதுதான் கஷ்டம்.

பெயர் வைத்தவர்களே நினைத்தாலும் முடியாது என்பதற்கு கம்ப்யூட்டர் உலகில் ஓர் உதாரணம் உண்டு. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய 'யுனிக்ஸ்' இயங்குதளம். உங்கள் கையில் இருப்பது ஐபோன் என்றால் அதன் வாரிசு. ஆண்ட்ராய்டு என்றால் அதைப் பார்த்து எழுதப்பட்ட லினக்ஸ். இந்த யுனிக்ஸை எல்லாமே பெரிய எழுத்தாக எழுதுவதா, முதல் எழுத்தை மட்டும் பெரிதாக எழுதுவதா என்று இன்றும் வாக்குவாதம். பெரிய எழுத்துகளுக்கு ரிச்சி சொன்ன காரணம் சுவாரஸ்யமானது. அச்சுக்கோக்கும் புது இயந்திரம் வந்திருந்தது. சின்ன அளவிலான தலைப்பெழுத்துகளை அச்சிட முடிந்த குஷியில் அப்படி எழுதிவிட்டார்களாம். அது சுருக்கப் பெயரே அல்ல என்று பிறகு அவரே திருத்தப் பார்த்தார். நடக்கவில்லை. பதிவு பெற்ற வணிகப் பெயர் இன்றும் பெரிய எழுத்துகளில்தான். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லை என்பதால் நாம் தப்பித்தோம்!

மலையில் பிரச்னை அதைவிடக் கொஞ்சம் கனமானது. மே மாதம் சேர்வராயனுக்குத் திருவிழா. அப்போது குகைக்கு முன் கூடும் மலைவாழ் மக்கள் தங்களை 'மலையாளி' என்கிறார்கள். மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்று பொருள். பேசுவது தமிழ். ஆனால், தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் கேரளக்காரர்களின் பெயரும் அதுவேதான். 'எந்த ஊர் கேரளாவில்?' என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், விளக்கம் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் சேலம், தருமபுரி என மாவட்டங்களின் பெயர்களும் இருக்கின்றன. பள்ளிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் வேலைக்கும் சாதிச் சான்றிதழ் கேட்டு நிற்கும் பிள்ளைக்கு, அந்த அடைப்புக்குறியும் தேவைப்படுகிறது.