கடைசி இருபது மைக்ரான்

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் இருக்கும். மோட்டார் தண்டில் பேரிங் உட்காரும் இடத்துக்குக் கிடைக்கும் சலுகையோ பத்துப் பதினைந்து மைக்ரான்தான். லேத்தில் கடைந்த தண்டைச் சூடேற்றிக் கடினப்படுத்தும்போது அது லேசாகக் கோணிவிடும். சாதாரண டூலும் அதன்மேல் ஏறாது. அந்தக் கோணலை எடுத்து அளவுக்குக் கொண்டுவருவது கிரைண்டர் ஆபரேட்டரின் வேலை.

கிரைண்டிங் வீல், உராய்வுத் துகள்களைப் பிணைப்புப் பொருளோடு சேர்த்துச் சூளையில் சுட்ட வட்டு. ஒவ்வொரு துகளும் ஒரு நுண்ணிய உளி. எஃகுக்கு அலுமினியம் ஆக்சைடு, வார்ப்பிரும்புக்கு சிலிக்கன் கார்பைடு. வீலின் மேல் ‘ஏ 60 கே 5 வி’ என்று எழுதியிருந்தால், துகளின் வகை, பருமன், பிடிப்பின் கெட்டித்தன்மை, துகள்களின் இடைவெளி, பிணைப்பு ஆகியவை அதே வரிசையில் அதில் அடங்கியிருக்கின்றன.

கடினமான எஃகுக்கு மென்மையான வீல் போட வேண்டும். அங்கே துகள்கள் சீக்கிரம் மழுங்கும். மழுங்கியவை உதிர்ந்தால்தான் புதுமுனை வெளியே வரும். கெட்டியான வீல் அவற்றை விடாமல் பிடித்துக்கொள்ளும். வெட்டுவதற்குப் பதில் தேய்த்துச் சூடேற்றும். பரப்பு நீலம் பாய்ந்து, கடினமும் போய்விடும். அதனால்தான் கூலன்ட் ஓடுகிறது; அவ்வப்போது வைர முனையால் வீலின் மழுங்கிய பரப்பைச் சீவி ‘டிரெஸ்’ செய்கிறார்கள்.

வீலை மாட்டும் முன் மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கலாம், ஒதுக்கிவிட வேண்டும். வீலின் விளிம்பு நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ஓடுவது. மாட்டியதும் ஒதுங்கி நின்று, சிறிது நேரம் வெறுமனே ஓடவிடுவார்கள்.

கடைசி இருபது மைக்ரானுக்குத்தான் பொறுமை வேண்டும். ஒரு தடவைக்குச் சில மைக்ரான் மட்டும் இறக்கி, முடிவில் ஃபீடை நிறுத்திவிட்டு, தீப்பொறி அடங்கும்வரை வீலை ஓடவிடுவார்கள். இதற்கு ஸ்பார்க் அவுட் என்று பெயர். பிறகும் உடனே மைக்ரோமீட்டரை வைக்கக்கூடாது. 50 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டு 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் சுமார் 12 மைக்ரான் பருத்திருக்கும். சூட்டில் சரியாக இருந்த அளவு, ஆறியதும் குறைந்துபோகும்.

ஐ.டி.ஐ.களில் ‘மெஷினிஸ்ட் (கிரைண்டர்)’ என்று தனிப் பிரிவே உண்டு. இன்று சி.என்.சி. இயந்திரங்கள் ஓடும்போதே அளவெடுக்கின்றன. ஆனால் எந்த வீல், எப்போது டிரெஸ்ஸிங் என்ற தீர்மானத்துக்கு இன்னும் அனுபவம் வேண்டியிருக்கிறது. கிரைண்டருக்கு வருவது கடைசல், கடினப்படுத்தல் எல்லாம் முடிந்த தண்டு. இங்கே கூடுதலாக எடுத்துவிட்டால் முன்பு உழைத்த அத்தனை பேரின் வேலையும் வீண்.