கம்ப்யூட்டர் ஆமையாய் நகர்கிறதா?

'தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு' என்பார்கள். அவசரப்படாதீர்கள், சகோதரிகளே!

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மெமரி எந்நேரமும் 90 சதவீதத்தைத் தொட்டு நிற்கிறதா? சின்ன மேடையில் கல்யாணச் சமையல் செய்கிற கதைதான். 4 ஜி.பி. ரேமை 8 ஆக்கினால் வேகம் கூடும். மெமரி பாதிகூட நிறையவில்லை என்றால் குறை வேறு. ரேமுக்குச் செலவு வீண்.

பழைய ரேமைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். டி.டி.ஆர். 3-க்கான இடத்தில் டி.டி.ஆர். 4 உட்காராது!

ராமேஸ்வரம், ராமநாதபுரம் கரையோர வீடுகளில் இன்னொரு தொல்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்து இரும்பையே அரித்த உப்புக்காற்று, ரேமின் தகடுகளை மட்டும் விட்டுவைக்குமா? கம்ப்யூட்டர் 'பீப் பீப்' என்று கத்தி, திரை இருட்டாகவே இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தகடுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டிப் பாருங்கள். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். காசும் மிச்சம்!