முதலில் எஃப்ஆர்க்யூ கோப்பைத் திறங்கள்

கசானே டெட்டோ 2008 ஏப்ரல் முதல் தேதி ஜப்பானிய இணையவாசிகள் ஊரை ஏமாற்றக் கிளப்பிவிட்ட போலிப் பாடகி. பிறகு அவளுக்கு நிஜமாகவே குரல் கொடுத்தது, அதே ஆண்டு மார்ச்சில் அமேயா என்ற புனைபெயர்க்காரர் வெளியிட்ட ‘உட்டாவு’ என்னும் இலவச மென்பொருள்.

ஒருவர் ‘கா’, ‘சா’ என்று அசை அசையாகச் சொல்லிப் பதிந்த வேவ் கோப்புகளை உட்டாவு எடுத்துக்கொள்ளும். அவற்றை நாம் எழுதும் சுரத்துக்கு நீட்டி, சுருதியை ஏற்றி இறக்குவது ரீசாம்ப்ளர் என்ற சிறு நிரல். இதை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் புதியவர்களைக் கெடுக்கிறது. பாட்டு தகரமாக ஒலித்தால் உடனே வேறொன்றை இறக்கிப் பார்ப்பார்கள்.

நான் முதலில் திறப்பது, வேவ் கோப்புடன் வரும் எஃப்ஆர்க்யூ கோப்பை. பதிவின் எந்த இடத்தில் என்ன சுருதி என்று கணித்து வைத்த கோடு அதில் இருக்கும். நெடிலின் நடுவில் கோடு திடீரென்று ஒரு ஸ்தாயி விழுந்திருந்தால், அங்கே குரல் கரகரக்கும். அதைக் கையால்தான் திருத்த வேண்டும். ரீசாம்ப்ளருக்கு எழுத்தாகக் கொடுக்கும் கட்டளையான ஃப்ளாக் எதுவும் மறைக்காது.

அடுத்தது மாடுலேஷன். பதிவில் இருந்த சுருதி ஆட்டத்தை எவ்வளவு விட்டுவைப்பது என்று சொல்லும் எண். ஆட்டம் இருந்தால்தானே மனிதக் குரல் என்று 100 வைப்பவர்கள் உண்டு. ஆனால் அது அசையைச் சொன்னபோது தற்செயலாக வந்த ஆட்டம். மெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீண்ட சுரத்தில் சுருதி பிசகியதாகவே கேட்கும். நான் 0 வைத்துவிட்டு, சுருதி வளைவைக் கையால் வரைகிறேன்: தொடக்கத்தில் கீழிருந்து சிறு ஏற்றம், சுரம் பாதி கடந்த பிறகே வைப்ரேட்டோ.

ஃப்ளாக்குகளில் ‘ஜி’ சுருதியைத் தொடாமல் குரலின் தடிமனை மட்டும் மாற்றும். கூட்டினால் ஆண்மை, குறைத்தால் குழந்தைத்தனம். பத்தைத் தாண்டினாலே எனக்குக் கார்ட்டூன்தான் கேட்கிறது. பெரிய ‘பி’ மூச்சு. வழக்கமான அளவு 50. மெதுவான பாட்டில் கொஞ்சம் ஏற்றுவேன். ஒரு ரீசாம்ப்ளர் மதிக்கும் எழுத்தை இன்னொன்று கண்டுகொள்ளாமலே போகும் என்பதால், ரீசாம்ப்ளரை முடிவு செய்யாமல் ஃப்ளாக்கைத் தொடுவது வீண்வேலை.

எந்த ரீசாம்ப்ளரைத் தேர்ந்தெடுப்பது? மசானோரி மோரிசேயின் ‘வேர்ல்ட்’ முறையில் எழுதியவை குரலைச் சுருதி, நிறம், மூச்சிரைச்சல் என்று பிரித்து மறுபடி சேர்க்கும். பின்னாளில் சிந்தசைசர் வி செய்த கான்ரு ஹுவாவின் மோர்சாம்ப்ளர், முதல்முறை ஒவ்வொரு கோப்பையும் அலசப் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் நெடிலை வழுவழுப்பாக நீட்டும். கிசுகிசுப்பான குரலுக்கு அந்த வழுவழுப்பே எனக்குப் பிடிப்பதில்லை.

இப்படிப்பட்ட பட்டியலை நம்பாமல், பாட்டின் மிக நீண்ட சுரத்தை மட்டும் எடுத்து ஒவ்வொன்றிலும் ஓடவிடுங்கள். நெடிலைத் திரும்பத் திரும்பச் சுற்றி நீட்டும் ரீசாம்ப்ளரில் ஒரு துடிப்பு கேட்கும். ஒரேயடியாக இழுப்பதில் குரல் மங்கும். ஹெட்போனில் எது குறைவாக உறுத்துகிறதோ அது போதும். பிறகு அதே சுரத்தைப் பதிந்த சுருதிக்கு ஐந்து அரைச்சுரம் மேலே கொண்டுபோங்கள். அங்கே எல்லாமே கீச்சிட்டால் ரீசாம்ப்ளரைக் குறைசொல்லிப் பயனில்லை. அதே அசைகளை உயர்ந்த சுருதியிலும் தனியாகப் பதிந்த கோப்புத் தொகுப்பு, அதாவது குரல்வங்கி, வேண்டும்.