டென்மார்க்கின் செப்புத்தகட்டுச் சித்திரங்கள்

மலையென்று சொல்லத்தக்கது ஒன்றேனும் இல்லாத நாடு டென்மார்க். அங்கே மிக உயர்ந்த மேடே 171 மீட்டர்தான். சிகரத்தையும் அருவியையும் தேடும் ஓவியன் இங்கே எதைக் கண்டு வரைவான்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டேனிஷ் ஓவியர் பலர் ரோமாபுரிக்கே பயணமாயினர்.

அந்நாளில் அந்நாடு இழந்தவை பல. 1807-இல் ஆங்கிலேயர் கோபன்ஹேகன் நகரைக் குண்டுமாரியால் தாக்கிக் கப்பற்படையைக் கவர்ந்து சென்றனர். 1813-இல் அரசாங்கக் கருவூலம் நொடித்தது. மறு ஆண்டே நார்வே கைவிட்டுப் போயிற்று. எஞ்சிய மண்ணையாவது கண்திறந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணம் கற்றோரிடையே வலுத்தது. ஓவியர்கள் தம் நாட்டு நிலத்தையும் குடியானவர் வாழ்வையும் நாடவேண்டுமென்று 1844-இல் ஹொயன் என்னும் கலை வரலாற்றாசிரியர் சொற்பொழிவாற்றினார்.

அதற்கு முன்னரே அப்பணியில் இறங்கியிருந்தவர் யோஹான் தாமஸ் லுண்ட்பி. ஸீலாந்துத் தீவின் வயல்களையும், மேயும் மாடுகளையும், பண்டைய கல்திட்டைகளையும் அவர் தீட்டினார். செப்புத் தகட்டிலும் வரைந்தார்.

அம்முறை சுவையானது. மெருகிட்ட தகட்டில் மெழுகுப் பூச்சிட்டு, அதை ஊசியால் கீறி வரைவர். திராவகத்தில் இட்டால் கீறிய இடத்தில் மட்டும் செம்பு அரிக்கப்படும். அப்பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறிப் பதியும். உளிகொண்டு செதுக்கும் வலிமை இதற்கு வேண்டா. பென்சில்போல் ஊசி ஓடும். நெடுநேரம் அரித்த கோடு கறுக்கும். சிறிதே அரித்தது மெலியும். எனவே அண்மையிலுள்ள புல்லை அழுத்தமாகவும் தொலைவிலுள்ள மரவரிசையை நூலிழையாகவும் காட்டலாம். பரந்த வானத்துக்கோ வெறுங் காகிதமே போதும்! தாழ்ந்த நிலத்துக்கு இதனினும் இசைந்த கலை இல்லையென்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். எண்ணெய் ஓவியம் வாங்க இயலாதவரும் ஊர்க்காட்சியொன்றை வீட்டில் மாட்டலாம். 1853-இல் இக்கலைக்கென ஒரு சங்கம் தோன்றியது. அதனை நிறுவியோருள் நிலக்காட்சி ஓவியர் வில்ஹெல்ம் கியூனும் ஒருவர்.

குறையொன்றும் உண்டு. குடியானவ ஆடவரைப் பிறந்த பண்ணையோடு பிணைத்திருந்த கட்டை நீக்கும் சட்டம் 1788-இல்தான் வந்தது. அத்தழும்பை இந்த அமைதியான படங்களில் காண்பதரிது. மாட்டின் முகம் தெளிவாகத் தெரியும் அளவுக்கு உழைப்பவன் முகம் தெரிவதில்லை.

லுண்ட்பியும் 1845-இல் இத்தாலி சென்றார். மறு ஆண்டு திரும்பினார். 1848-இல் ஷ்லெஸ்விக் போர் மூண்டபோது தொண்டராகப் படையில் சேர்ந்து, போர்முனையை எட்டுமுன், தம் தரப்பினர் துப்பாக்கியொன்று தவறி வெடித்ததில் 29-ஆம் வயதில் மாண்டார். அந்த ஷ்லெஸ்விக் 1864-இல் பறிபோயிற்று. வடபகுதி மட்டும் 1920-இல் டென்மார்க்குக்கு மீண்டது. அவர் மடிந்த பெட்ஸ்டெட் என்னும் சிற்றூர் அப்பகுதியில் உள்ளது.