சூரியகாந்தி தன் மகரந்தத்தையே ஏன் மறுக்கிறது?

விருதுநகர்க் கரிசலில் சூரியகாந்தி விதைத்தவர்களுக்கு இந்த வருத்தம் தெரியும். பூ தட்டளவு விரிந்திருக்கும். நடுவில் விதையெல்லாம் பொக்கு. உரத்தையும் மழையையும் நோவோம். தேனீ வராததும் ஒரு காரணம்.

அந்தத் தட்டு ஒரே பூவல்ல, நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். ஒரே செடி என்பதால், பக்கத்துச் சிறுபூவின் மகரந்தமும் அதற்குச் சொந்த மகரந்தம்தான். மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி அதை முளைக்க விடாது. வேறு செடியின் மகரந்தத்தைத் தேனீதான் கொண்டுவர வேண்டும்.

எப்படி அடையாளம் காண்கிறது? இதன் வேதியியல் நன்கு விளங்கியிருப்பது முட்டைகோஸ் குடும்பத்தில். மகரந்தத்தின் மேற்பூச்சில், அதைத் தந்த செடியின் அடையாளமாக ஒரு சிறு புரதம் இருக்கிறது. சூலகமுடிச் செல்லின் சுவரோரம் அதற்கான ஏற்பி. இரண்டும் ஒரே வம்சம் என்றால் ஒட்டிக்கொள்ளும். உடனே செல் தண்ணீர் தர மறுக்கும். ஈரமில்லாத மகரந்தம் குழாய் நீட்டாது. எவ்வளவு நுட்பமான காவல்!

சொந்தத்துக்குள்ளேயே கருவுற்றால் மறைந்திருக்கும் மரபுக் குறைகள் வெளிப்பட்டு, சந்ததி நலியும். அதனால்தான் இந்த மறுப்பு.

இன்றைய வீரிய ஒட்டு ரகங்களில் இது பெரிதும் தளர்ந்துவிட்டது. ஆனாலும் தேனீ வந்தால் மணி கூடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை: ஹெக்டேருக்கு 5 தேனீப் பெட்டி, பூக்கும் நாட்களில் காலை 9 முதல் 11 மணிக்குள் இரு செடிகளின் பூத்தட்டுகளை முகத்தோடு முகம் மெல்ல உரசுவது. அந்த வேளையில் தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள்.