நினைவட்டையின் இரு பிரிவுகள்

ராஸ்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினி 2012ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் குறைந்த செலவில் கணினியியலைக் கற்க வேண்டும் என்பதே அதனை ஆக்கியோரின் நோக்கம். வன்தட்டு இல்லாத அப்பலகைக்குச் சிறிய நினைவட்டையே இருப்பிடமும் ஏடும் ஆகும்.

அவ்வட்டையில் லினக்ஸ் இயங்குதளத்தைப் பதித்தபின் விண்டோஸ் கணினியில் செருகிப் பார்ப்போர் திகைப்பதுண்டு. 32 கிகாபைட் அட்டை சில நூறு மெகாபைட்டாகச் சுருங்கித் தோன்றும். அட்டையை வடிவமைத்தால்தான் பயன்படுத்த இயலும் என்ற அறிவிப்பும் எழலாம். அட்டை பழுதாயிற்று எனக் கருதி அதற்கு இசைந்துவிட்டால், மாணவர் பல நாள் எழுதிச் சேர்த்த நிரல்கள் இழக்கப்படும். உண்மையில் அட்டை பழுதாகவில்லை, அது பிரிக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவே.

அட்டையின் முதற்கூறு 512 பைட் அளவினது. அதில் 64 பைட் இடம் பிரிவு அட்டவணைக்கு உரியது. ஒரு பிரிவுக்கு 16 பைட் வீதம் நான்கு பிரிவுகளின் தொடக்கமும் அளவும் வகையும் அங்கே குறிக்கப்படும். இது நூலின் பொருளடக்கம் போன்றது. பொருளடக்கத் தாள் கிழிந்தாலும் இயல்கள் அழிவதில்லை. ஆயினும் எந்த இயல் எங்குள்ளது என்பது புலப்படாது.

இரண்டு பிரிவுகள் எதற்கு? மின்விசை பாய்ந்தவுடன் பலகையில் பொறித்துள்ள சிறுநிரலே முதலில் விழிக்கிறது. அது எளிமையானது, ஃபேட் என்னும் பழைய அமைப்பை மட்டுமே அட்டையில் படிக்க வல்லது. ஆதலின் தொடக்கக் கோப்புகளும் லினக்ஸின் உட்கருவும் ஃபேட் அமைப்புடைய சிறிய முதற்பிரிவில் வைக்கப்படுகின்றன. 2019இல் வந்த நான்காம் வடிவத்தில் தொடக்க நிரலின் ஒரு பகுதி பலகையிலுள்ள தனிச் சில்லுக்கு மாறியது. எனினும் முதற்பிரிவின் தேவை நீங்கவில்லை.

ஃபேட் அமைப்பு, ஒரு கோப்பு எவருடையது, அதனை யார் திருத்தலாம் என்பவற்றைக் குறித்துவைப்பதில்லை. லினக்ஸுக்கோ இவை இன்றியமையாதவை. ஆகவே ஈஎக்ஸ்டி4 அமைப்பில் இரண்டாம் பிரிவு வகுக்கப்படுகிறது. இயங்குதளமும் பயனாளரின் கோப்புகளும் அங்கேதான் உள்ளன. விண்டோஸ் தானாக இதனைப் படிக்கமாட்டாது. படிக்க இயலாததையே அது வடிவமைக்கப்படாதது எனக் கூறுகிறது.

பதிக்கும்போது இரண்டாம் பிரிவு சிறிதாகவே இருக்கும். எவ்வளவு பெரிய அட்டைக்கும் ஒரே படிமம் பொருந்துதல் வேண்டும் அன்றோ? பலகை முதன்முறை இயங்கும்போது அப்பிரிவு எஞ்சிய இடம் முழுவதும் தானே விரிந்துகொள்ளும்.

ஆகவே, வடிவமைக்கவா எனக் கணினி வினவின் மறுத்துவிடுக. ஐயம் எழுந்தால் அட்டையை மீண்டும் பலகையில் செருகி இயக்கிப் பார்த்தலே தக்கது.