சிற்றாற்றின் வழியே – 9: செண்பகாதேவிக்குச் செல்லும் பாதை

சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாற்றை, அச்சங்கமத்திலிருந்து எதிர்த்திசையில் தொடர்ந்து வந்த நாம், சென்ற வாரம் தென்காசியில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய விசுவநாதர் ஆலயத்தைத் தரிசித்தோம். அங்கிருந்து மேற்கே ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். ஆனியிலும் ஆடியிலும், ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து, வெயிலும் சாரலும் மாறிமாறி வரும் சீசன் நாட்களில், பேரருவியின் அடியில் ஸ்நானம் செய்யும் ஜனத்திரளில், தம் சிரசின்மீது விழும் நீர் அதற்கு முன் எத்தனை படிகள் இறங்கி வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. தேனருவியாகப் பாய்ந்து, செண்பகாதேவியாக விழுந்து, பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் தன் வேகத்தைத் தணித்துக்கொண்ட பிறகுதான் அது பேரருவியாகிறது.

செண்பகாதேவிக்குப் பாதை, சிற்றருவிப் பக்கமாக ஏறுகிறது. தூரம் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். ஆயினும் வேர்களும் வழுக்குப் பாறைகளும் குறுக்கிடுவதால் நிதானித்தே ஏற வேண்டும். கடைத்தெருவின் இரைச்சல் சிறிது சிறிதாகத் தேய, மரக்கிளைகளில் குரங்குகள் தாவும் ஓசையே மிஞ்சும்போது, மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் தம் குறவஞ்சியில் குறத்தியைக் கொண்டு மலைவளம் சொல்லவைத்தபோது வானரங்களிலிருந்தே ஏன் தொடங்கினார் என்பது விளங்குகிறது.

இவ்வனத்தில் மழை நேராகத் தரையில் விழுவதில்லை. உயர்ந்த மரங்களின் இலைகளில் தங்கி, அடிமரத்தில் வழிந்து, மக்கிய சருகில் ஊறி, வேர்களின் வழியே மண்ணுக்குள் இறங்கி, பின்பு பாறை இடுக்குகளில் கசிந்து ஓடைகளாகத் திரள்கிறது. மழை ஓய்ந்த பின்னரும் அருவியில் நீர் தொடர்வதன் ரகசியம் இதுவே. கானகத்தை அழித்துவிட்டால், பெய்த நீரெல்லாம் பெய்த வேகத்திலேயே ஓடிவிடும். பிறகு எஞ்சுவது வெறும் பாறைதான்.

பாதையின் முடிவில் செண்பகாதேவி அம்மன் சந்நிதியும், அதன் அருகே அருவியும். உயரத்தில் இது பேரருவிக்கு ஈடாகாது. ஆனால் அங்கே நாம் பாறைமுகத்தை மட்டும் காண்கிறோம். இங்கே நீர் எந்தக் காட்டிலிருந்து புறப்பட்டு வருகிறதோ அந்தக் காட்டின் நடுவிலேயே நின்று அதைக் காண்கிறோம். சித்ரா பௌர்ணமியன்று பக்தர்கள் மலையேறி வந்து அம்மனை வழிபடுவது வழக்கம்.

மற்றக் காலங்களில் வனத்துறையின் அனுமதியின்றி இப்பாதையில் செல்லலாகாது. இத்தடையைக் குறைகூறுவோர் உண்டு. ஆனால் மலையுச்சியில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதை நாம் மறக்கலாகாது. அன்றியும், மனிதர் கால் படாமல் மேலே ஒரு காடு இருந்தால்தான் கீழே ஆயிரம்பேர் நீராட முடியும். ஆகவே, செண்பகாதேவியைக் கண்டு வந்தவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்: அவ்வருவி மறைந்திருப்பதே பேரருவிக்குக் காவல்.

அடுத்த வாரம், குற்றாலநாதர் ஆலயத்துக்குச் சற்றுத் தொலைவில், கூத்தப்பெருமான் ஓவியமாக வீற்றிருக்கும் சித்திர சபை.